1,500 மணி நேரம்: அமெரிக்காவில் ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டராக மணி சேர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

அரிசோனாவில் ஒரு பறக்கும் பள்ளியில் இரண்டு வருடத்துக்கு மேல் வலது பக்க சீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். இப்போதும் யாராவது ஒரு சொந்தக்காரப் பையன், இல்லையென்றால் நண்பரின் தங்கை, இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்புவார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்க விதிகளைப் பற்றித்தான். மற்ற நாடுகளில் கதை வேறு. அதற்கும் ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். ஏன் நேராக ஏர்லைனில் சேர முடியாது?

சம்பளத்துக்குப் பறக்க கமர்ஷியல் லைசென்ஸ் போதும். ஆனால் பயணிகள் ஏர்லைனில் துணை விமானியாக உட்காரக்கூட இப்போது ஏடிபி என்கிற மேல்நிலைச் சான்றிதழ் வேண்டும். அதற்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கமர்ஷியல் வாங்கும்போது கையில் 250 மணிதான் இருக்கும். அங்கீகாரம் பெற்ற சில பள்ளிகளின் பாடத்திட்டத்தில் 190 மணியிலேயே கிடைத்துவிடும். நடுவில் இருக்கும் அந்த 1,250 மணிதான் எல்லோருடைய தலைவலியும்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. 2009 பிப்ரவரி 12 இரவு, நியூவர்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407 விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து, ஸ்டால் ஆகப்போகிறது (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப்போகிறது) என்று கன்ட்ரோல் அதிர்ந்து எச்சரித்தபோது, மூக்கைக் கீழே இறக்க வேண்டிய கேப்டன் தன் பக்கம் இழுத்தார். இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தன. 2010-இல் சட்டம் வந்தது, 2013 ஆகஸ்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. அந்த இரண்டு விமானிகளுமே 1,500-ஐத் தாண்டியவர்கள். கேப்டனிடம் 3,379 மணி, துணை விமானியிடம் 2,244 மணி. இந்த விதி அன்றைக்கே இருந்திருந்தாலும் அவர்கள் அந்த காக்பிட்டில்தான் இருந்திருப்பார்கள். விதி சரியா தவறா என்று விமானிகள் இன்றும் காபி ஆறும்வரை சண்டை போடுவார்கள். நீங்கள் சண்டை போட்டாலும் போடாவிட்டாலும் மணி சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

எல்லோருக்கும் 1,500 தானா? குறைப்பே கிடையாதா?

உண்டு. ராணுவத்தில் விமானியாக இருந்தவர்களுக்கு 750. விமானத் துறையில் இளங்கலைப் பட்டம், அதற்கு அங்கீகாரம் பெற்ற கல்லூரியில், பறக்கும் பயிற்சியும் அந்தக் கல்லூரியோடு சேர்ந்தே முடித்திருந்தால் 1,000. இரண்டு வருட அசோசியேட் பட்டம் என்றால் 1,250. இவற்றுக்குக் கட்டுப்படுத்தப்பட்ட ஏடிபி என்று பெயர். 21 வயதிலேயே வாங்கலாம். முழு ஏடிபிக்கு 23 வயது ஆக வேண்டும்.

கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் டிகிரி இருக்கிறதே, அது செல்லுமா என்று கேட்பீர்கள். செல்லாது.

மணி சேர்க்க வேறு வழி இல்லையா? ஏன் எல்லோரும் இன்ஸ்ட்ரக்டர் ஆகிறார்கள்?

இருக்கிறது. கடற்கரை மேல் விளம்பரத் துணியை இழுத்துக்கொண்டு பறக்கலாம். பாராசூட் குதிப்பவர்களை மேலே ஏற்றி விடலாம். எண்ணெய்க் குழாய்களை மேலிருந்து பார்த்துக்கொண்டு போகலாம், நில அளவைப் படம் எடுக்கலாம். என் கூடப் படித்த ஒருவர் நில அளவை வேலைக்குப் போனார். நாள் முழுக்கக் கோடு போட்ட மாதிரி மேலும் கீழும் பறப்பது. மணி வேகமாக ஏறியது, ஆனால் மாதக்கணக்கில் மோட்டல் அறைதான் வீடு.

சின்ன சார்ட்டர் நிறுவனங்களில் கேப்டனாகக் கருவிகளை நம்பிப் பறக்க 1,200 மணி கேட்பார்கள். ஆக அது தொடக்கத்துக்கு உதவாது. சொந்தக் காசில் விமானம் வாடகைக்கு எடுத்து, நண்பரோடு செலவைப் பகிர்ந்து பறக்கிறவர்களும் உண்டு. ஒருவர் கண்ணுக்கு மறைப்பு மாட்டிக்கொண்டு ஓட்ட, மற்றவர் பாதுகாப்பு விமானியாக வெளியே பார்க்க, இருவருமே லாக்புக்கில் எழுதிக்கொள்ளலாம். சட்டப்படி சரிதான். ஆனால் 1,250 மணிக்கு அப்படிச் செய்ய ஊரில் நிலம் விற்க வேண்டியிருக்கும்.

இன்ஸ்ட்ரக்டர் வேலையில் பெட்ரோல் காசு மாணவருடையது, சம்பளம் உங்களுக்கு, மணியும் உங்களுக்கு. இவ்வளவுதான் காரணம்.

இன்ஸ்ட்ரக்டர் ஆக என்னென்ன வேண்டும்?

18 வயது, கமர்ஷியல் லைசென்ஸ், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி). இரண்டு எழுத்துத் தேர்வுகள்: ஒன்று கற்பித்தலின் அடிப்படைகள் பற்றி, இன்னொன்று விமானப் பாடங்கள். முதல் தேர்வைப் பலர் மனப்பாடம் செய்து கடக்கிறார்கள். நானும் அப்படித்தான் கடந்தேன். ஆறு மாதம் கழித்து அதே புத்தகத்தை எடுத்து ஒழுங்காகப் படித்தேன். அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த பள்ளி ஆசிரியர் சான்றிதழ், ஏழாம் வகுப்போ அதற்கு மேலோ சொல்லிக் கொடுக்கும் தகுதியோடு, உங்களிடம் இருந்தால் இந்த முதல் தேர்வே தேவையில்லை.

அப்புறம் ஸ்பின். விமானம் சுழன்றுகொண்டே விழும் நிலைக்குப் போய், அதிலிருந்து மீளவும், அதைச் சொல்லிக் கொடுக்கவும் தெரியும் என்று ஒரு இன்ஸ்ட்ரக்டர் உங்கள் லாக்புக்கில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் தடவை ஜன்னல் முழுக்கத் தரை சுற்றும்போது வயிறு தொண்டைக்கு வரும். மூன்றாவது தடவையில் சுற்றுகளை எண்ணத் தொடங்கியிருப்பீர்கள்.

கடைசியாக செக்ரைடு, அதாவது தேர்வாளரிடம் பேசியும் பறந்தும் காட்டும் தேர்வு. எல்லா செக்ரைடுகளிலும் இதுதான் நீளமானது. வாய்மொழித் தேர்வே அரை நாளைத் தின்றுவிடும். தேர்வாளர் ஒன்றும் தெரியாத மாணவர் போல நடிப்பார். உங்களுக்குத் தெரியுமா என்பது அவர் பிரச்சினை இல்லை. வெள்ளைப் பலகை முன்னால் நின்று, இறக்கை ஏன் தூக்குகிறது என்பதை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடிகிறதா என்றுதான் பார்ப்பார். முதல் முறை தோற்பவர்கள் நிறைய. வெட்கப்பட ஒன்றுமில்லை.

சான்றிதழில் முன்பு காலாவதித் தேதி இருக்கும். 2024 டிசம்பர் 1 முதல் தேதி அச்சிடுவதில்லை. ஆனால் 24 மாதத்துக்கு ஒருமுறை தகுதியைப் புதுப்பித்துக் காட்ட வேண்டியது அப்படியே இருக்கிறது. தேதி இல்லையே என்று மறந்துவிடாதீர்கள்.

மாணவர்தானே ஓட்டுகிறார்? அந்த மணி எப்படி என் கணக்கில் வரும்?

வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி. என் அம்மா இதை ஏதோ தில்லுமுல்லு என்றே நினைத்தார். இன்ஸ்ட்ரக்டராகப் பணியில் இருக்கும் நேரம் முழுவதையும், அந்த வகை விமானத்துக்கு உங்களுக்குத் தகுதி இருந்தால், பைலட் இன் கமாண்ட் (விமானத்துக்குப் பொறுப்பான விமானி) என்று எழுதிக்கொள்ள விதி நேரடியாகவே அனுமதிக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஹாப்ஸ் மீட்டர் பத்தில் ஒரு பங்காக ஏறும். ஆறு நிமிடத்துக்கு ஒரு புள்ளி. 1.4 என்று காட்டினால் மாணவர் லாக்புக்கிலும் 1.4, உங்கள் லாக்புக்கிலும் 1.4.

ஆனால் எல்லாக் கட்டங்களும் நிரம்பாது. இதைத் தெரியாமல் 1,400 மணியில் வந்து தலையில் கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாணவர் மறைப்பு மாட்டிக்கொண்டு கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கிறார் என்றால் இன்ஸ்ட்ருமென்ட் நேரம் அவருக்கு மட்டும்தான். நீங்கள் வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அது உங்களுக்குச் சாதாரண மணி. உண்மையாகவே மேகத்துக்குள் போய்ச் சொல்லிக் கொடுத்தால்தான் அந்த நேரம் உங்களுக்கும். அதே போல மாணவர் போட்ட லேண்டிங் உங்கள் லேண்டிங் ஆகாது. பயணிகளை ஏற்றத் தேவையான சமீபத்திய மூன்று லேண்டிங்குகளை நீங்களேதான் போட வேண்டும். பகலெல்லாம் லேண்டிங் சொல்லிக் கொடுத்துவிட்டு, சொந்தக்காரர் ஊரிலிருந்து வந்தால் ஏற்றிப் போக முடியாத நிலையில் நிற்கிற இன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் அபூர்வம் இல்லை.

எந்தக் கட்டங்கள் காலியாகவே நிற்கும்?

ஏடிபிக்கு 1,500 மொத்த மணிக்குள் 500 மணி கிராஸ் கன்ட்ரி (தொலைதூரப் பயணம்), 100 மணி இரவு, 75 மணி இன்ஸ்ட்ருமென்ட் இருக்க வேண்டும். இரட்டை எஞ்சின் ஏடிபிக்கு அந்த வகை விமானத்தில் 50 மணி. இதில் 25 வரை முழு அசைவு சிமுலேட்டரில் கழித்துக்கொள்ளலாம். கட்டுப்படுத்தப்பட்ட ஏடிபி என்றால் கிராஸ் கன்ட்ரி 200 போதும்.

கிராஸ் கன்ட்ரிதான் பலரைக் கவிழ்ப்பது. பள்ளி விமானங்கள் பெரும்பாலும் 20 மைல் தள்ளி இருக்கும் பயிற்சி வெளிக்குப் போய்த் திரும்பும், அது சேராது. ஏடிபி கணக்குக்குக் கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 நாட்டிக்கல் மைலுக்கு மேல் போயிருந்தால் போதும், அங்கே இறங்க வேண்டியதுகூட இல்லை. எனவே மாணவரோடு நீண்ட பயணப் பாடம் வந்தால் 45 மைல் ஊரைத் தேர்ந்தெடுக்காமல் 55 மைல் ஊரைத் தேர்ந்தெடுங்கள். மாணவருக்கும் அதுதான் நல்லது. அவருடைய லைசென்ஸுக்கும் 50 மைல் கணக்கு வேண்டும்.

இரட்டை எஞ்சின் மணிக்கு அந்த இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங்கையும் சேர்த்து எடுத்துக்கொள்வது நல்லது. இரவு மணியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஃபீனிக்ஸ் கோடையில் வெயில் தாங்காமல் எல்லோரும் இரவிலும் விடியற்காலையிலும்தான் பறப்போம், அது தானாக நிரம்பிவிடும்.

எத்தனை மாதம் ஆகும்?

இணையத்தில் ஒரு வருடம் என்பார்கள். என் கணக்கு இது. ஐந்து மாணவர்கள், வாரம் ஆளுக்கு மூன்று பறப்பு, ஒவ்வொன்றும் 1.4 மணி. வாரம் 21, மாதம் 84. இது காகிதத்தில். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குப் பணம் தீர்ந்துவிட்டது, ஒரு விமானம் 100 மணிப் பரிசோதனைக்குப் போய்விட்டது, மீதி நாள் காற்று. கையில் 55, 60 நின்றால் நல்ல மாதம். 1,250-ஐ 60-ஆல் வகுத்தால் 21 மாதம்.

ஊர் முக்கியம். ஃப்ளோரிடாவில் கோடை மதியம் இடி மேகம் வந்து கடையை மூடிவிடும். வடக்கே குளிர்காலத்தில் மேகத்துக்குள் பனி ஒட்டும். சின்ன விமானத்தை அதற்குள் கொண்டுபோகக் கூடாது. அரிசோனாவில் வானம் வருடம் முழுக்கத் திறந்தே கிடக்கும் என்பதால்தான் பள்ளிகள் அங்கே குவிந்திருக்கின்றன. ஜூலை, ஆகஸ்டில் புழுதிப் புயல் சுவர் மாதிரி வந்து நிற்கும், அது தவிர.

மாதம் 100 தாண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 24 மணி நேரத்துக்குள் 8 மணிக்கு மேல் பறந்து சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அந்த எட்டு பறக்கும் நேரம் மட்டும். முன்னாலும் பின்னாலும் பேசுவதையும் விளக்குவதையும் சேர்த்தால் அது 13 மணி நேர நாள். தொடர்ந்து ஆறு நாள் அப்படி ஓட்டிப் பார்த்தேன். ஏழாம் நாள் மாணவர் டாக்ஸி வேயில் தப்பான பக்கம் திரும்பினார். டவர் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

சம்பளம் கட்டுப்படியாகுமா?

வாடகை கொடுத்து, சாப்பிட்டு, கல்விக் கடனுக்கு வட்டி கட்டலாம். சேமிப்பு என்று பேச்சு எடுக்காதீர்கள்.

சேருவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, ஹாப்ஸ் ஓடினால்தான் காசா, தரையில் சொல்லிக் கொடுக்கும் நேரத்துக்கும் உண்டா? வானிலையால் ரத்தான நாளில் நீங்கள் காலை ஐந்து மணிக்கே வந்து காத்திருந்தால் என்ன கிடைக்கும்? இரண்டு, உங்களை ஊழியராக எடுக்கிறார்களா, ஒப்பந்தக்காரராகவா? ஒப்பந்தக்காரர் என்றால் கையில் வரும் தொகை பெரிதாகத் தெரியும். வருடக் கடைசியில் முதலாளி கட்ட வேண்டிய வரிப் பங்கையும் சேர்த்து நீங்கள்தான் கட்டுவீர்கள். மருத்துவக் காப்பீடும் உங்கள் பாடு. என் முதல் வருட வரிக் கணக்கைப் பார்த்த அன்று இரவு நான் சமைக்கவே இல்லை.

மாணவரோடு தரையில் பேசும் நேரத்தைக் கணக்கில் எழுதப் பல இன்ஸ்ட்ரக்டர்கள் கூச்சப்படுகிறார்கள். எழுதுங்கள். வக்கீல் யாரும் சும்மா பேசுவதில்லை.

ஆபத்தான வேலையா?

கவனம் சிதறினால் ஆபத்துதான். இரண்டு காட்சிகள் சொல்கிறேன்.

முதலாவது, லேண்டிங். என் மாணவர் ஒருவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், பல் டாக்டர், நிதானமான மனிதர். செஸ்னா 172-ஐ 65 நாட் வேகத்தில் அழகாகக் கொண்டுவருவார். ரன்வே நெருங்கும்போது மட்டும், தரைக்கு இருபது அடி மேலேயே மூக்கைத் தூக்கிவிடுவார். விமானம் மிதக்கும், வேகம் கரையும், அப்புறம் கல்லு போலத் தொப்பென்று இறங்கும், துள்ளும். துள்ளியதைப் பார்த்துப் பயந்து மூக்கை முன்னால் தள்ளுவார். அங்கேதான் முன்சக்கரம் உடையும். என் வலது கை யோக்குக்கு (விமானத்தின் ஸ்டீயரிங்) ஒரு அங்குலம் பின்னால், இடது கை த்ராட்டிலுக்குப் (பவரைக் கூட்டிக் குறைக்கும் பிடி) பக்கத்தில், தொடாமல். சீக்கிரம் பிடித்தால் அவர் கற்றுக்கொள்ள மாட்டார். தாமதமாகப் பிடித்தால் விமானம் போச்சு. அந்த அரை நொடியைக் கண்டுபிடிக்க எனக்கு முந்நூறு மணி ஆனது. பிடிக்கும்போது "மை கன்ட்ரோல்ஸ்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், அவர் "யுவர் கன்ட்ரோல்ஸ்" என்று விட வேண்டும், நீங்கள் மறுபடி "மை கன்ட்ரோல்ஸ்" என்று உறுதி சொல்ல வேண்டும். இந்த மூன்று வரியைத் தரையிலேயே பழக்காமல் மேலே போகாதீர்கள். பயத்தில் இறுக்கிப் பிடித்த கையை விடுவிப்பது லேசு இல்லை.

இரண்டாவது, முழு பவரோடு ஸ்டால் பயிற்சி. இடது இறக்கை சரியும். மாணவரின் இயல்பு யோக்கை வலது பக்கம் திருப்புவது, கார் ஓட்டிய பழக்கம். அது இறக்கையின் சரிவை இன்னும் மோசமாக்கிச் சுழலுக்குள் தள்ளும். காலால் ரட்டரை (வாலில் இருக்கும் திருப்புப் பலகையின் பெடல்) மிதிக்க வேண்டும். வாயில் நூறு முறை சொன்னாலும், அந்த நேரத்தில் கைதான் முந்தும். அதனால்தான் அந்த ஸ்பின் பயிற்சி. பவரைக் குறை, யோக்கை நடுவுக்குக் கொண்டுவா, சுழலுக்கு எதிர்ப் பக்க ரட்டர், மூக்கைக் கீழே இறக்கு. யோசிக்காமல் கை கால் இதைச் செய்ய வேண்டும்.

இன்னொன்று, வெயில். அரிசோனாவின் ப்ரெஸ்காட் விமான நிலையம் 5,000 அடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. 35 டிகிரி வெயிலில் அங்குள்ள காற்று 8,500 அடி உயரத்துக் காற்றைப் போல மெலிந்துவிடும். இரண்டு பெரிய ஆட்கள், முழு டேங்க் பெட்ரோல், ஓடுபாதை முடியப் போகிறது, விமானம் இன்னும் எழ மனமில்லாமல் ஓடுகிறது. ஒருமுறை பார்த்தால் போதும், அதற்கப்புறம் கணக்குப் போடாமல் கிளம்ப மாட்டீர்கள்.

செஸ்னாவில் சுற்றிச் சுற்றிச் சேர்த்த மணி, ஜெட்டுக்கு எப்படி உதவும்?

இந்தக் கேள்விக்கு முழு ஆமாம் சொல்ல எனக்கு மனசு வராது.

பஃபலோ விபத்தின் காக்பிட் பதிவில் ஒரு பகுதி உண்டு. அந்தத் துணை விமானி, ஏர்லைனுக்கு வரும்போது தன்னிடம் இருந்த 1,600 மணியும் ஃபீனிக்ஸில் சேர்த்தவைதான் என்கிறார். பனி ஒட்டும் வானிலையையே தான் பார்த்ததில்லை என்கிறார். அந்த 1,600 மணியில் பார்த்ததைவிட அதிக மேகத்தை ஏர்லைன் பயிற்சியின் முதல் நாளிலேயே பார்த்ததாகவும் சொல்கிறார். விபத்துக்குப் பனி காரணம் அல்ல; வேகம் குறைந்ததை இருவருமே கவனிக்காததும், எச்சரிக்கைக்குத் தப்பாகப் பதில் கொடுத்ததும்தான். இறங்கும் நேரத்தில் அப்படிப் பேசிக்கொண்டிருந்ததையே விசாரணை குறையாகச் சொன்னது. ஆனாலும் அந்த வரிகளை நான் அதே ஃபீனிக்ஸில், அதே நீல வானத்தின் கீழ் மணி சேர்த்துக்கொண்டிருந்தபோது படித்தேன். படித்துவிட்டு என் லாக்புக்கில் உண்மையான மேகத்துக்குள் பறந்த நேரத்தைக் கூட்டினேன். 800 மணியில் 6.3.

அதற்கப்புறம் இன்ஸ்ட்ருமென்ட் மாணவர்களைக் கேட்டு வாங்கினேன். குளிர்கால மழை மேகம் தாழ்வாக வந்து, பனி உறையும் மட்டம் அதற்கு நன்றாக மேலே இருக்கும் அபூர்வ நாட்களில், மற்றவர்கள் ரத்து செய்யும்போது நான் மாணவருக்குப் போன் செய்வேன். விடுமுறைக்கு ஒருமுறை சியாட்டில் பக்கம் போய், அங்கே ஒரு இன்ஸ்ட்ரக்டருக்குக் காசு கொடுத்து மேகத்துக்குள் பறந்தேன். செலவுதான். 1,500-இல் எண்ணூறாவது லேண்டிங் சுற்றுக்கும் அங்கே மேகத்துக்குள் பறந்த நாலு மணி நேரத்துக்கும் லாக்புக்கில் ஒரே மதிப்புதான். எனக்கு அப்படி இல்லை.

சரி, உதவுவது என்ன? அடுத்தவர் ஓட்டும்போது கவனிப்பது. ஏர்லைனில் பாதி நேரம் நீங்கள் ஓட்டமாட்டீர்கள். பக்கத்தில் இருப்பவர் ஓட்டுவார், நீங்கள் கண்காணிப்பீர்கள். வேகம் இரண்டு நாட் குறைவதை மாணவரின் முகத்தைப் பார்த்தே உணர்கிற பழக்கம் அங்கே அப்படியே வேலைக்கு ஆகும். வாய் திறந்து சொல்வதும். என்னைவிட இருபது வயது மூத்த மாணவரிடம் "சார், வேகம்" என்று சொல்லிப் பழகிய நாக்கு, கேப்டனிடம் சொல்லத் தயங்காது.

மாணவர்களைப் படிக்கட்டாகப் பயன்படுத்துகிறோமே, அது சரியா?

மணிக்காகச் சொல்லிக் கொடுப்பதில் தப்பில்லை. மணிக்காக இழுத்தடிப்பதில்தான் தப்பு. சோலோவுக்குத் தயாரான மாணவரை இன்னும் ஐந்து பாடம் கூடவே உட்கார்ந்து சுற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள். தனியாக அனுப்பினால் அவர்களுக்கு மணி வராதே! மாணவருக்கோ ஒவ்வொரு மணியும் நூற்றுக்கணக்கான டாலர். அவர் இரவு டெலிவரி ஓட்டிச் சேர்த்த காசாக இருக்கலாம்.

மாணவரை முதல் முறை தனியாக அனுப்பிவிட்டு, ரன்வே ஓரம் கையில் ரேடியோவோடு நிற்பீர்கள். மூன்று சுற்று. உங்கள் லாக்புக்கில் அன்றைக்கு 0.0. அந்த வேலையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவைதான். நீங்கள் போட்ட கையெழுத்துகளின் பதிவை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து படிக்க வந்தவன். இங்கே இன்ஸ்ட்ரக்டராக வேலை செய்யலாமா?

விசாவைப் பொறுத்தது. பெரும்பாலான பறக்கும் பள்ளிகள் எம்-1 என்கிற தொழிற்பயிற்சி மாணவர் விசாவுக்குத்தான் தாள் கொடுக்கும். அதில் நாலு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், அதிகபட்சம் ஆறு மாதம்தான் நடைமுறைப் பயிற்சி. எஃப்-1 என்கிற கல்வி மாணவர் விசா என்றால் ஓபிடி (படிப்போடு சேர்ந்த வேலை அனுமதி) 12 மாதம். அந்தப் 12 மாதத்தில் 1,250 மணி சேர்க்க மாதம் 104 வேண்டும். மேலே நான் போட்ட கணக்கைப் பாருங்கள். அப்படியே சேர்த்தாலும், அமெரிக்க ஏர்லைன்கள் பொதுவாக நிரந்தரமாக வேலை செய்யும் உரிமை உள்ளவர்களைத்தான் எடுக்கின்றன. ஏஜென்ட் "அங்கேயே செட்டில் ஆயிடலாம்" என்று சொன்னால், எந்த விசா, எத்தனை மாதம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இந்தியாவில் இந்த வழி உண்டா?

இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 1,500 என்கிற கதவு துணை விமானிக்கு இல்லை. இந்தியாவில் 200 மணியில் சிபிஎல் (அங்குள்ள கமர்ஷியல் லைசென்ஸ்), அதன் மேல் ஏர்பஸ் 320 போன்ற ஒரு விமான வகைக்கான தகுதியாகிய டைப் ரேட்டிங், பிறகு ஏர்லைன் தேர்வு. 1,500 வேண்டியிருப்பது ஏடிபிஎல் (அங்குள்ள ஏடிபி) வாங்கிக் கேப்டன் ஆகும்போது. அதனால் அங்கே இன்ஸ்ட்ரக்டராவது கட்டாயப் படி அல்ல. சிபிஎல் வாங்கி வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது ஒரு நல்ல வழி. முதலில் உதவி இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங், மூத்த இன்ஸ்ட்ரக்டரின் மேற்பார்வையில். சும்மா இருந்தால் கை மறந்துவிடும், இந்த வேலையில் மறக்காது.

1,500 வந்துவிட்டது, ஆனால் யாரும் கூப்பிடவில்லை. என்ன செய்வது?

இந்தத் தொழிலில் அலை ஏறும், இறங்கும். 2020-இல் கொரோனா வந்து எல்லாம் நின்றது. அடுத்த இரண்டு வருடத்தில் ஆள் கிடைக்காமல் அலைந்தார்கள். 2024-இல் மறுபடி மெதுவானது. 1,500 தாண்டியவர்கள் இன்ஸ்ட்ரக்டராகவே தொடர்ந்தார்கள். காத்திருக்கும்போது இரட்டை எஞ்சின் மணியைக் கூட்டுங்கள், சார்ட்டர் பக்கம் பாருங்கள். முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழை ஆரம்பத்திலேயே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சொல்லிக் கொடுக்க அது தேவையில்லை, ஆனால் ஏர்லைனுக்குத் தேவை. 1,500 மணி சேர்த்த பிறகு இதயத்துடிப்பில் ஏதோ இருக்கிறது என்று தெரிய வருவது கொடுமை.

லாக்புக்கையும் இப்போதே சரி செய்யுங்கள். காகிதத்திலும் ஆப்பிலும் இரண்டு இடத்தில் எழுதினால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். நேர்காணலில் ஒரு பக்கத்தைத் திறந்து, "இந்த நாள் எங்கே போனீர்கள்?" என்று கேட்பார்கள். தோற்ற செக்ரைடுகளை மறைக்க நினைக்காதீர்கள், பதிவில் இருக்கும். ஒன்று இரண்டு தோல்வியை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, மறைத்ததை எடுப்பார்கள்.

ஏடிபி எழுத்துத் தேர்வுக்கு நேராகப் போய் உட்காரலாமா?

முடியாது. முதலில் ஏடிபி-சிடிபி என்கிற பயிற்சி: 30 மணி வகுப்பு, 10 மணி சிமுலேட்டர். காசு கொடுத்து நீங்களே செய்யலாம். ஆனால் வேலைக்கு எடுக்கும் பல ஏர்லைன்கள் தாங்களே செய்துவைக்கும், அவசரப்படாதீர்கள்.

வேலை கிடைத்துவிட்டது. மாணவர்களிடம் எப்படிச் சொல்வது?

ஏர்லைன் பயிற்சி வகுப்பின் தேதி தெரிந்த அன்றே. எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு வெள்ளிக்கிழமை போனவர் திங்கட்கிழமை வரவில்லை. அவருடைய மூன்று மாணவர்கள் என்னிடம் வந்தார்கள். ஒருவர் சோலோவுக்கு இரண்டு பாடம் முன்னால் நின்றவர், நான் பாதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. அவருக்கு எட்டு மணி நேரக் காசு நஷ்டம்.

நான் கிளம்பும்போது ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பக்கம் எழுதி அடுத்த இன்ஸ்ட்ரக்டரிடம் கொடுத்தேன். முடித்த பாடங்கள் பள்ளிக் கோப்பிலேயே இருக்கும், அதை எழுதவில்லை. பல் டாக்டருக்கு எழுதியது இது: "இருபது அடியில் மூக்கைத் தூக்குவார். 'இன்னும் இல்லை, இன்னும் இல்லை' என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வாருங்கள், கேட்பார். கத்தினால் இறுகிவிடுவார். பெட்ரோல் மாதிரி எடுக்கும் 13 இடத்தையும் தவறாமல் பார்ப்பார், அவசரப்படுத்தாதீர்கள். செவ்வாய்க்கிழமை வேண்டாம், அன்றைக்கு அவருக்கு அறுவை சிகிச்சை நாள்."